யூஎஸ்பி ஃபோன் உங்கள் அழைப்புச் செயலியோடு ஒத்துப்போகுமா? படிப்படியான முழு வழிகாட்டி

கணினியில் பேசுவதற்காக ஒரு யூஎஸ்பி ஃபோனை வாங்கிச் செருகுகிறீர்கள். குரல் தெளிவாகக் கேட்கிறது. வேலை முடிந்தது என்று நினைக்கும்போது அடுத்த அழைப்பு வருகிறது. ஹேண்ட்செட்டில் இருக்கும் பச்சைப் பொத்தானை அழுத்துகிறீர்கள். திரையில் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. இன்னொரு முறை அழுத்தினாலும் அதே கதைதான். மவுஸைப் பிடித்து, அழைப்பு ஜன்னலைத் தேடி, ஏற்கும் பொத்தானைச் சொடுக்குவதற்குள் எதிர்முனையில் இருப்பவர் வைத்துவிடுகிறார்.

இதில் எதுவும் பழுதாகவில்லை. யூஎஸ்பி ஃபோனின் ஒலி கிட்டத்தட்ட எல்லாச் செயலிகளோடும் ஒத்துப்போகும். பொத்தான்கள் சிலவற்றோடு மட்டும்தான் ஒத்துப்போகும். "இந்த ஃபோன் இந்தச் செயலிக்கு வேலை செய்யுமா?" என்று பொதுவாகக் கேட்டால் "செய்யும்" என்றுதான் பதில் வரும். பதில் சொல்பவர் ஒலியை மனதில் வைத்துச் சொல்கிறார், கேட்பவர் பொத்தானையும் சேர்த்து எதிர்பார்க்கிறார். அதனால் கேள்வியை எப்போதும் இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். குரல் வருமா? பொத்தான் வேலை செய்யுமா? கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டு கேள்விகளுக்கும் தனித்தனியாகப் பதில் தேடுவதுதான்.

ஒரே வயரில் இரண்டு கருவிகள்

யூஎஸ்பி ஃபோனைச் செருகியதும் கணினி அதை ஒரே பொருளாகப் பார்ப்பதில்லை. உள்ளே இருக்கும் சிப் தன்னை இரண்டு கருவிகளாக அறிமுகப்படுத்திக்கொள்கிறது.

ஒன்று, சிறிய சவுண்ட் கார்டு. இதற்கு யூஎஸ்பி ஆடியோ கிளாஸ் என்ற பொதுத் தரம் உண்டு. அதன் முதல் பதிப்பு 1998-இல் வெளிவந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இதற்கான டிரைவர் கூடவே வருகிறது. எதையும் நிறுவாமலே குரல் கேட்பதற்கு இதுதான் காரணம். அழைப்புச் செயலியின் கண்ணுக்கு அது இன்னொரு மைக், இன்னொரு ஸ்பீக்கர், அவ்வளவுதான்.

மற்றொன்று, பொத்தான்களுக்கான பகுதி. விசைப்பலகையும் மவுஸும் பயன்படுத்தும் அதே ஹெச்ஐடி (ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைஸ்) வழியில்தான் இதுவும் பேசுகிறது. அந்தத் தரத்தில் தொலைபேசிக்கென்றே 'டெலிஃபோனி' என்று ஒரு பகுதி இருக்கிறது. ரிசீவர் எடுக்கப்பட்டது, மியூட் அழுத்தப்பட்டது, ரீடயல், 0 முதல் 9 வரையிலான எண்கள், நட்சத்திரம், ஹாஷ் என ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியெண் ஒதுக்கியிருக்கிறார்கள்.

ஒலியளவைக் கூட்டும் குறைக்கும் பொத்தான்களை இயங்குதளமே கையாண்டுவிடும். அவை எந்தச் செயலியிலும் வேலை செய்வதற்கு அதுதான் காரணம். "ரிசீவர் எடுக்கப்பட்டது" என்ற செய்தி அப்படி இல்லை. அதைச் செயலி தானாகக் கேட்டு வாங்கி, அழைப்பை எடுக்க வேண்டும். கேட்காத செயலியில் நீங்கள் எத்தனை தடவை அழுத்தினாலும் அந்தச் செய்தி யாருக்கும் போய்ச் சேராது.

எதிர்த்திசையிலும் இதே போக்குவரத்து இருக்கிறது, பலரும் கவனிக்காத பாதி இது. அழைப்பு வந்தால் ஃபோனில் மணி அடிக்க வேண்டும், லைனில் இருந்தால் விளக்கு எரிய வேண்டும், திரையில் மியூட் செய்தால் ஃபோனிலும் சிவப்பு விளக்கு வர வேண்டும். இவை எல்லாம் செயலியிலிருந்து ஃபோனுக்குப் போக வேண்டிய செய்திகள். சில செயலிகள் ஃபோன் சொல்வதைக் கேட்கும், ஆனால் திருப்பிச் சொல்லாது. அப்போது வரும் கோளாறுதான் மிகவும் எரிச்சலூட்டுவது. திரையில் அழைப்பை முடித்திருப்பீர்கள். ஃபோன் மட்டும் இன்னும் லைனில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அடுத்த அழைப்பு வரும்போது முதல் அழுத்தல் வீணாகி, இரண்டாவது அழுத்தலில்தான் எடுக்கும்.

படி 1: கையில் இருப்பது எந்த வகை?

யூஎஸ்பி ஃபோன் என்ற பெயரில் பல வேறுபட்ட கருவிகள் விற்கப்படுகின்றன. முதலில் இதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது.

எண் பொத்தான்களே இல்லாத ரிசீவர் எளிமையான வகை. ஒலியளவு, மியூட், சில சமயம் எடுக்கவும் வைக்கவும் ஒரு பொத்தான் இருக்கும். இதில் தகராறு குறைவு. எண் தட்டும் சிறிய திரையும் கொண்டவை அடுத்த வகை. இவற்றில் பெரும்பாலானவை ஒரு குறிப்பிட்ட செயலிக்காகவே செய்யப்பட்டவை என்பதால் பொருத்தப் பிரச்சினை இங்கேதான் அதிகம். அப்புறம், அலுவலகங்களுக்கான ஸ்பீக்கர் ஃபோன்களும் ஹெட்செட்களும் உண்டு. ஜாப்ரா, பாலி, எபோஸ் போன்ற நிறுவனங்கள் செய்பவை இவை. வடிவம் வேறாக இருந்தாலும் உள்ளே பேசும் மொழி அதே ஹெச்ஐடிதான். இங்கே சொல்லும் சோதனைகள் அவற்றுக்கும் பொருந்தும்.

இன்னொரு வகை, சாதாரண வீட்டுத் தொலைபேசியைச் செருகிக்கொள்ளும் யூஎஸ்பி அடாப்டர். மேஜிக்ஜாக் இந்த வகையில் பிரபலமானது. இது பெரும்பாலும் தன் சொந்தச் சேவையோடு மட்டுமே இயங்கும். வேறு செயலிக்கு மாற்ற முயல்வது அநேகமாக வீண் உழைப்பு. ரிசீவர் வடிவத்தில் இருந்தும் 3.5 மி.மீ. பிளக்கில் முடிகிற சிலவும் உண்டு. அவற்றில் வருவது ஒலி மட்டும். எடுக்கும் பொத்தான் கணினியில் வேலை செய்யும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

படி 2: கணினி அதை எப்படிப் பார்க்கிறது?

ஃபோனை நேரடியாகக் கணினியில் செருகுங்கள். ஹப், நீட்டிப்பு வயர் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து, ஃபோனைச் செருகியும் கழற்றியும் பாருங்கள். புதிதாகத் தோன்றி மறைகிற வரிகள்தான் உங்கள் ஃபோன்.

ஒலிப் பகுதியில் 'யூஎஸ்பி ஆடியோ டிவைஸ்' அல்லது 'யூஎஸ்பி பிஎன்பி சவுண்ட் டிவைஸ்' போன்ற ஒரு பெயர் வந்தால் முதல் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: குரல் வரும். பெயர் இவ்வளவு பொதுவாக இருப்பதைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். பல தயாரிப்பாளர்கள் சி-மீடியா போன்ற நிறுவனங்களின் சிப்பை அப்படியே வாங்கிப் பொருத்துகிறார்கள், அதனால் சிப்பின் பெயரே தெரிகிறது.

அடுத்து 'ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ்' என்ற பகுதியைப் பாருங்கள். பொத்தான்களின் கதை முழுக்க இங்கே இருக்கிறது. 'ஹெட்செட்' என்ற சொல்லோடு ஒரு வரி வந்தால், ஃபோன் டெலிஃபோனி தரத்தைப் பேசுகிறது என்று பொருள், நல்ல அறிகுறி. 'கன்ஸ்யூமர் கன்ட்ரோல்' மட்டும் வந்தால் ஒலியளவுப் பொத்தான்களைத் தாண்டி எதிர்பார்க்க வேண்டாம். 'வெண்டர் டிஃபைண்ட்' என்று மட்டும் வந்தால், பொத்தான்கள் அந்தத் தயாரிப்பாளரின் தனி மொழியில் பேசுகின்றன. அவர்களுடைய மென்பொருள் இல்லாமல் யாராலும் அதைப் புரிந்துகொள்ள முடியாது. புதிதாக ஒரு விசைப்பலகை தோன்றினால் அடுத்த படியைக் கவனமாகச் செய்யுங்கள்.

மேக்கில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்ற செயலியின் யூஎஸ்பி பகுதியிலும், லினக்ஸில் எல்எஸ்யுஎஸ்பி என்ற கட்டளையிலும் கருவி தெரியும்.

படி 3: நோட்பேட் சோதனை

இருப்பதிலேயே எளிய சோதனை இதுதான், இருப்பதிலேயே அதிகம் சொல்வதும் இதுதான். விண்டோஸில் நோட்பேடைத் திறங்கள், அல்லது எந்த எழுத்துச் செயலியையும் திறங்கள். கர்சர் வெற்றுப் பக்கத்தில் துடித்துக்கொண்டிருக்கட்டும். இப்போது ஃபோனின் எண் பொத்தான்களை 1, 2, 3 என்று அழுத்துங்கள்.

பக்கத்தில் 123 என்று விழுந்தால் உங்கள் ஃபோன் தன்னை ஒரு விசைப்பலகையாகக் காட்டிக்கொள்கிறது. பச்சைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். கர்சர் அடுத்த வரிக்குத் தாவினால் அது என்டர் விசையை அனுப்புகிறது. சிவப்பு பெரும்பாலும் எஸ்கேப்பாக இருக்கும். இந்த வகைக்கு ஒரு நன்மை உண்டு: டிரைவர் தேவையில்லை, எந்த இயங்குதளத்திலும் வேலை செய்யும். குறை என்னவென்றால், அழைப்புச் செயலியின் ஜன்னல் முன்னால் இருந்தால் மட்டுமே எண்கள் அங்கே போகும். நீங்கள் ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போது பச்சைப் பொத்தானை அழுத்தினால் கடிதத்தில் ஒரு வரி இறங்கும், அழைப்பு எடுக்கப்படாது.

எழுத்து எதுவும் விழாமல், ஒலியளவு மட்டும் மாறினால் ஃபோன் டெலிஃபோனி தரத்தையோ தனி மொழியையோ பேசுகிறது. இரண்டில் எது என்பதைப் படி 2-இல் பார்த்த வரிகள் சொல்லிவிடும்.

ஒன்றுமே அசையவில்லை என்றால், ஃபோனில் ஒரு சிறிய தேர்வு சுவிட்ச் இருக்கிறதா என்று அடியிலும் பக்கவாட்டிலும் பாருங்கள். சில மாடல்களில் கணினி, சாதாரண லைன் இரண்டுக்கும் இடையே மாற்றுவதற்கு அப்படி ஒன்று இருக்கும்.

படி 4: செயலி எதைக் கேட்கிறது?

ஃபோன் என்ன பேசுகிறது என்று தெரிந்துவிட்டது. இனி மறுபக்கம். இங்கே செயலிகளை மூன்று விதமாகப் பிரித்துக்கொள்ளலாம்.

கூட்டம் நடத்தும் பெரிய செயலிகள், அதாவது டீம்ஸ், ஜூம், வெபெக்ஸ் போன்றவை, ஹெச்ஐடி செய்திகளைத் தாங்களாகவே கேட்கின்றன. ஜூமில் ஆடியோ செட்டிங்ஸுக்குள் ஹெட்செட் பொத்தான்களை இணைத்துக்கொள்ளும் ஒரு தேர்வு இருக்கிறது. அது குறியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டீம்ஸுக்கு மைக்ரோசாஃப்ட் தனியாகச் சான்றளிக்கிறது. சான்று பெற்ற மாடல்களில் பொத்தான், விளக்கு, மியூட் எல்லாம் சோதித்துப் பார்க்கப்பட்டவை. சான்று இல்லாத ஃபோனும் டெலிஃபோனி தரத்தை ஒழுங்காகப் பேசினால் பல சமயம் வேலை செய்யும், ஆனால் செய்யாமல் போனால் முறையிட இடமில்லை. அலுவலக ஹெட்செட்களில் ஒரே மாடல் 'எம்எஸ்', 'யூசி' என்று இரண்டு விதமாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். முதலாவது மைக்ரோசாஃப்ட் செயலிகளுக்காகச் சரிசெய்யப்பட்டது, இரண்டாவது பொதுவானது. எல்லாச் செயலிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துபவருக்கு யூசி வகையே என் பரிந்துரை.

இரண்டாவது விதம், எஸ்ஐபி சாஃப்ட்போன்கள், அதாவது கணினியையே தொலைபேசியாக்கும் செயலிகள். சோய்பர், லின்ஃபோன், மைக்ரோசிப் (MicroSIP), பிரியா போன்றவை. எஸ்ஐபி என்பது 2002-இல் இன்றைய வடிவம் பெற்ற திறந்த தரம். ஆனால் அந்தத் தரம் நெட்வொர்க்கில் அழைப்பு எப்படி உருவாகிறது, எப்படி முடிகிறது என்பதைப் பற்றியது. உங்கள் மேஜையில் இருக்கும் பொத்தானைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் கிடையாது. "எஸ்ஐபி ஆதரவு உண்டு" என்று ஒரு யூஎஸ்பி ஃபோனின் பெட்டியில் எழுதியிருந்தால், அதன் கூடவே வரும் மென்பொருள் எஸ்ஐபி பேசுகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். சாஃப்ட்போன்களில் பொத்தான் ஆதரவு ஒவ்வொன்றுக்கும் வேறுபடும். சிலவற்றில் பெரிய தயாரிப்பாளர்களின் மாடல்களுக்கு மட்டும் உண்டு. சிலவற்றில் கட்டணப் பதிப்பில்தான் கிடைக்கும். செயலியின் உதவிப் பக்கத்தில் ஹெட்செட் பட்டியலைத் தேடிப் படித்துவிடுங்கள்.

மூன்றாவது, பிரவுசருக்குள் ஓடும் அழைப்புகள். நீண்ட காலம் பிரவுசருக்கு ஃபோன் பொத்தானைத் தொடவே வழியில்லாமல் இருந்தது. 2021-இல் குரோம் 89-ஆம் பதிப்பில் வெப்ஹெச்ஐடி என்ற வசதி வந்த பிறகு அது மாறியது. கூகுள் மீட், ஜிட்சி மீட் இரண்டும் அதைப் பயன்படுத்துகின்றன. மீட்டின் ஆடியோ செட்டிங்ஸில் கால் கன்ட்ரோல் என்ற இடத்தில் ஃபோனைத் தேர்ந்தெடுத்து அனுமதி கொடுக்க வேண்டும்; கொடுக்காமல் தானாக நடக்காது. குரோமும் அதே அடித்தளத்தில் ஓடும் எட்ஜும் இதற்குச் சரி. சஃபாரியில் இந்த வசதி இல்லை.

படி 5: ஒலியைச் சரியான இடத்துக்கு அனுப்புங்கள்

விண்டோஸில் 'டீஃபால்ட் டிவைஸ்', 'டீஃபால்ட் கம்யூனிகேஷன் டிவைஸ்' என்று இரண்டு தேர்வுகள் உண்டு. பலர் முதலாவதை ஃபோனுக்கு மாற்றிவிட்டு, பாட்டும் அறிவிப்பு ஒலியும் ரிசீவருக்குள் கேட்கிறதே என்று தடுமாறுகிறார்கள். முதலாவது ஸ்பீக்கராகவே இருக்கட்டும். இரண்டாவதை மட்டும் யூஎஸ்பி ஃபோனாக ஆக்குங்கள். அதைவிட உறுதியான வழி, அழைப்புச் செயலியின் உள்ளேயே போய் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் பெயர் சொல்லித் தேர்ந்தெடுப்பது. 'டீஃபால்ட்' என்று விட்டுவைத்தால், வேறொரு கருவியைச் செருகும் நாளில் குரல் அங்கே ஓடிவிடும்.

மணி ஒலியைத் தனியாகக் கவனியுங்கள். ரிசீவர் மேஜையில் கிடக்கும்போது மணியும் ரிசீவருக்குள்ளேயே அடித்தால் உங்களுக்கு எப்படிக் கேட்கும்? ஜூம், டீம்ஸ் இரண்டிலும் மணியை இன்னொரு ஸ்பீக்கரிலும் சேர்த்து ஒலிக்கவைக்கும் தேர்வு இருக்கிறது. நல்ல சாஃப்ட்போன்களிலும் மணிக்குத் தனி ஒலிக் கருவியைத் தேர்ந்தெடுக்கலாம். யூஎஸ்பி ரிசீவர் பயன்படுத்துபவருக்கு இது கட்டாயம் தேவை.

மைக் அளவைக் கடைசி வரை ஏற்றாதீர்கள். ரிசீவரின் மைக் வாய்க்கு மிக அருகில் இருப்பதால் முழு அளவில் குரல் சிதறும். முக்கால் பங்கில் வைத்து, குரல் பதிவு செய்யும் செயலியில் சில வரிகள் பேசிப் பதிவு செய்து, ரிசீவரிலேயே திரும்பக் கேளுங்கள். கேட்க இனிமையாக இருந்தால் போதும்.

விண்டோஸில் அழைப்பு நடக்கும்போது மற்ற ஒலிகள் திடீரென்று அடங்கிப்போவதும் பலருக்குப் புதிராக இருக்கிறது. சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் கம்யூனிகேஷன்ஸ் என்ற தாவலில் மற்ற ஒலிகளை 80% குறைக்கும் தேர்வு முதலிலிருந்தே இயங்கிக்கொண்டிருக்கும். வேண்டாம் என்றால் 'ஒன்றும் செய்யாதே' என்பதற்கு மாற்றிவிடலாம்.

உங்கள் குரல் எதிர்முனைக்குப் போகவே இல்லை என்றால் அனுமதியைப் பாருங்கள். விண்டோஸின் பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோன் அனுமதி செயலிகளுக்குத் தரப்பட்டிருக்க வேண்டும். மேக்கில் 2018-இல் வந்த மொஹாவே பதிப்பிலிருந்து ஒவ்வொரு செயலிக்கும் தனியாக அனுமதி கேட்கிறது. முதல் தடவை அவசரத்தில் மறுத்துவிட்டால் அது மறுபடி கேட்காது. செட்டிங்ஸில் போய் நாமே திறந்துவிட வேண்டும்.

படி 6: பொத்தான்களை வரிசையாகச் சோதியுங்கள்

ஒலி சரியான பிறகுதான் இதற்கு வாருங்கள். உதவிக்கு இன்னொருவரோ இன்னொரு ஃபோனோ வேண்டும். கீழே சொல்லும் வரிசை முக்கியம். ஒவ்வொரு சோதனையும் வேறு வேறு செய்தியைத் தொடுகிறது.

முதலில் உங்களை அழைக்கச் சொல்லுங்கள். ஃபோனில் மணியோ விளக்கோ வருகிறதா? வந்தால் செயலி ஃபோனுக்குச் செய்தி அனுப்புகிறது. பச்சைப் பொத்தானில் எடுக்க முடிகிறதா? முடிந்தால் ஃபோன் சொல்வதைச் செயலி கேட்கிறது. இவற்றில் ஒன்று வேலை செய்து மற்றது செய்யாமல் இருப்பது சகஜம்.

எடுத்த பிறகு ஃபோனில் மியூட் அழுத்துங்கள். திரையிலும் மியூட் குறி வர வேண்டும். இப்போது திரையில் மியூட்டை எடுங்கள். ஃபோனின் விளக்கு அணைய வேண்டும். இந்தச் சுற்றைத் தவறாமல் செய்யுங்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் உங்களுக்கு இரண்டு மியூட்கள் இருக்கின்றன என்று பொருள். ஃபோனில் ஒன்று, செயலியில் ஒன்று. ஒன்றைத் திறந்துவிட்டு மற்றதை மறந்தால், யாருக்கும் கேட்காமல் பேசிக்கொண்டே போவீர்கள். ஒத்துப்போகாத ஃபோனில் எந்த மியூட்டைப் பயன்படுத்துவது என்று முன்கூட்டியே ஒன்றை முடிவு செய்துவிட்டு, மற்றதைத் தொடாமல் விட்டுவிடுங்கள். மியூட் செய்துவிட்டோம் என்று நம்பி, உண்மையில் மியூட் ஆகாமல் இருப்பது இன்னும் மோசம். அதனால் சோதனையின்போது எதிர்முனையில் இருப்பவரிடம் "இப்போது கேட்கிறதா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

அப்புறம் திரையில் அழைப்பை முடியுங்கள். உடனே இன்னொரு முறை அழைக்கச் சொல்லி, ஃபோனில் ஒரே அழுத்தலில் எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். முதல் அழுத்தல் வீணானால், அழைப்பு முடிந்த செய்தி ஃபோனுக்குப் போய்ச் சேரவில்லை.

எண் தட்டு உள்ள ஃபோன் என்றால் இன்னும் ஒரு சோதனை. "1-ஐ அழுத்துங்கள்" என்று சொல்லும் ஏதாவது தானியங்கிச் சேவைக்கு அழைத்து, ஃபோனில் எண்ணை அழுத்திப் பாருங்கள். எண் செயலியின் எண் பலகையில் தெரிந்தும் எதிர்முனை அதை ஏற்கவில்லை என்றால், பிரச்சினை ஃபோனில் இல்லை. செயலியின் டிடிஎம்எஃப் அமைப்பில், அதாவது அழுத்தும் எண்களை எதிர்முனைக்கு அனுப்பும் முறையில் இருக்கிறது. எஸ்ஐபி சாஃப்ட்போனில் அதை ஆர்எஃப்சி 2833 அல்லது 4733 என்ற முறைக்கு மாற்றுங்கள். எண்ணின் ஓசையைக் குரலோடு கலந்து அனுப்பும் முறை, ஒலியைச் சுருக்கி அனுப்பும் கோடெக்குகளில் சிதைந்துபோகும். எண் செயலியிலேயே தெரியவில்லை என்றால் பிரச்சினை படி 3, படி 4-க்குத் திரும்புகிறது.

படி 7: வேலை செய்யாதபோது

ஒரு ஃபோனின் பொத்தான்களுக்கு இரண்டு செயலிகள் போட்டியிடுவது அடிக்கடி நடக்கிறது. பின்னணியில் டீம்ஸ் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் சாஃப்ட்போனில் பேசுவீர்கள். பொத்தான் அழுத்தல் டீம்ஸுக்குப் போய்விடும். சோதிக்கும்போது ஒரே ஒரு அழைப்புச் செயலியை மட்டும் திறந்து வையுங்கள். பணிப்பட்டியின் ஓரத்தில் ஒளிந்திருப்பவற்றையும் மூடுங்கள். ஜாப்ரா பயன்படுத்துபவர்கள் ஜாப்ரா டைரக்ட் மென்பொருளில் முதன்மையான சாஃப்ட்போன் எது என்று தேர்ந்தெடுக்கலாம். இந்தச் சண்டை அதோடு பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

குரல் கரகரப்பதும் விட்டு விட்டுக் கேட்பதும் வேறு காரணத்தால் வருபவை. யூஎஸ்பியில் ஒலி நேரம் தவறாமல் ஓடும் ஒரு வழியில் போகிறது. அதில் தொலைந்த துணுக்கு மறுபடி அனுப்பப்படாது, தொலைந்தது தொலைந்ததுதான். மின்சாரம் தனியாக இல்லாத ஹப்பில் கேமரா, ஹார்டு டிஸ்க் எல்லாவற்றோடும் சேர்த்து ஃபோனைச் செருகினால் இது நடக்கும். யூஎஸ்பி 2.0 துளை ஒன்று மொத்தமாகத் தருவது 500 மில்லி ஆம்பியர். அதைத்தான் ஹப்பில் இருக்கும் எல்லாமே பங்கிட்டுக்கொள்கின்றன. நேரடியாகக் கணினியில் செருகியதும் கரகரப்பு நின்றால் இணையத்தையோ செயலியையோ குறை சொல்ல வேண்டியதில்லை.

கொஞ்ச நேரம் பயன்படுத்தாமல் இருந்தால் ஃபோன் தூங்கிவிடுகிறதா? டிவைஸ் மேனேஜரில் யூஎஸ்பி ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் தாவலில், மின்சாரத்தைச் சேமிக்கக் கருவியை அணைக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

தொலைதூரக் கணினியில் வேலை செய்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ரிமோட் டெஸ்க்டாப்பின் வழியாக ஒலி போய்வரும். பொத்தான் செய்திகள் பொதுவாகப் போகாது. அழைப்புச் செயலியை உங்கள் முன்னால் இருக்கும் கணினியில் ஓடவிடுவதே நல்லது.

பழைய ஸ்கைப் ஃபோன் இருந்தால்

ஸ்கைப் 2003-இல் வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் 'ஸ்கைப் ஃபோன்' என்று யூஎஸ்பி ரிசீவர்கள் ஏராளமாக வந்தன. அவற்றில் பலவும் நேரடியாக ஸ்கைப்போடு பேசவில்லை. நடுவில் ஒரு சிறிய மென்பொருள் உட்கார்ந்து, ஃபோனின் தனி மொழியை ஸ்கைப் திறந்துவைத்திருந்த டெஸ்க்டாப் ஏபிஐ (வெளி மென்பொருள்கள் ஸ்கைப்போடு பேசுவதற்கான வாசல்) வழியாக மொழிபெயர்த்துச் சொன்னது. அந்த ஏபிஐயை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2013-இல் அறிவித்தது. 2025 மே 5 அன்று ஸ்கைப் சேவையே மூடப்பட்டது. அதனால் அந்த நடு மென்பொருளை எங்கிருந்தாவது தேடிப் பிடித்து நிறுவினாலும் பயனில்லை. அது பேச வேண்டிய ஆள் மறுமுனையில் இல்லை. கூடவே வந்த பழைய டிரைவர்களை இன்றைய 64 பிட் விண்டோஸ் கையொப்பம் இல்லை என்று தடுத்துவிடவும் கூடும். முகம் தெரியாத தளங்களிலிருந்து அவற்றை இறக்கி நிறுவும் ஆபத்தைத் தயவுசெய்து எடுக்காதீர்கள்.

ஆனால் அந்த ஃபோனைத் தூக்கிப் போட வேண்டாம். அதன் ஒலிப் பகுதி பொதுத் தரத்தில் ஓடினால் இன்றும் எந்தச் செயலியிலும் பேசலாம். படி 3-இல் விசைப்பலகையாகத் தெரிந்தால் பொத்தான்களுக்கும் ஒரு வழி உண்டு. எந்த ஜன்னல் முன்னால் இருந்தாலும் வேலை செய்யும் குறுக்குவிசைகளை ஜூம் போன்ற சில செயலிகளில் அமைத்துக்கொள்ளலாம். விண்டோஸில் ஆட்டோஹாட்கீ என்ற இலவச மென்பொருளை வைத்து ஃபோனின் ஒரு விசையை அந்தக் குறுக்குவிசையாக மாற்றலாம். ஆனால் அது எந்த விசைப்பலகையிலிருந்து விசை வந்தது என்று தானாகப் பிரித்துப் பார்ப்பதில்லை. பச்சைப் பொத்தான் சாதாரண என்டரை அனுப்பும் ஃபோனில் இந்த வழி ஒத்துவராது, உங்கள் விசைப்பலகையின் என்டரும் மாறிவிடும்.

லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு இங்கே ஒரு நல்ல செய்தி. பழைய யூஎஸ்பி ஃபோன்கள் சிலவற்றுக்கு லினக்ஸ் கெர்னலிலேயே டிரைவர் எழுதிச் சேர்த்திருக்கிறார்கள். யீலிங்க் நிறுவனத்தின் பி1கே மாடலுக்கு ஒன்று, சி-மீடியாவின் சிஎம்109 சிப் கொண்ட ஃபோன்களுக்கு ஒன்று. இவை ஃபோனின் பொத்தான்களைச் சாதாரண விசைகளாக மாற்றித் தருகின்றன. யாரோ தங்கள் சொந்த நேரத்தைச் செலவழித்துச் செய்த வேலை; விண்டோஸில் கைவிடப்பட்ட கருவிக்கு இங்கே உயிர் இருக்கிறது. புதிய டெலிஃபோனி வகை ஃபோன்களில், செயலியால் பொத்தானைப் படிக்க முடியாவிட்டால் பெரும்பாலும் அனுமதிதான் காரணம். ஹெச்ஐடி கருவியைச் சாதாரணப் பயனர் தொட ஒரு யூடெவ் விதி (கருவிகளுக்கான லினக்ஸ் அனுமதி விதி) எழுத வேண்டியிருக்கும்.

மொபைலில் செருகினால்?

ஆண்ட்ராய்டு 5.0-இலிருந்து யூஎஸ்பி ஒலிக்கு ஆதரவு உண்டு. ஐஃபோன் 15-இலிருந்து யூஎஸ்பி-சி துளையும் வந்துவிட்டது. ரிசீவரில் பேசலாம், ஒலியளவும் மாறும். எடுக்கும் பொத்தான் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில் மட்டும் மொபைலுக்காக யூஎஸ்பி ஃபோன் வாங்காதீர்கள்.

புதிதாக வாங்குவதானால்

முதலில் செயலியை முடிவு செய்யுங்கள், அப்புறம் ஃபோனைத் தேடுங்கள். அந்தச் செயலியின் உதவிப் பக்கத்தில் ஆதரிக்கும் கருவிகளின் பட்டியல் இருந்தால் அதிலிருந்தே எடுங்கள். மாடல் பெயரின் கடைசி எழுத்து வரை ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே பெயரில் உள்ளே வேறு சிப் கொண்ட பதிப்புகள் வரும்.

பட்டியல் இல்லையென்றால் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் "ஹெச்ஐடி டெலிஃபோனி" அல்லது "கால் கன்ட்ரோல்" என்ற சொல்லையும், அதற்குப் பக்கத்தில் உங்கள் செயலியின் பெயரையும் தேடுங்கள். "பிளக் அண்ட் பிளே" என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஒலியைப் பற்றிய வாக்குறுதி என்று எடுத்துக்கொள்ளுங்கள். "எல்லாச் செயலிகளோடும் வேலை செய்யும்" என்பதும் அப்படித்தான்.

ரிசீவரைக் காதில் வைத்துப் பேசும் சுகம் மட்டும் போதும், எடுப்பதையும் வைப்பதையும் மவுஸில் பார்த்துக்கொள்வேன் என்பவர் எண் தட்டு இல்லாத எளிய மாடலை எடுக்கலாம். அதில் பொத்தானுக்காகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை. நாள் முழுக்க அழைப்பு எடுப்பவர், அல்லது பார்வைக் குறைவாலோ கை நடுக்கத்தாலோ திரையில் சொடுக்கச் சிரமப்படுபவர், சான்று பெற்ற மாடலையே வாங்க வேண்டும். அவர்களுக்குப் பொத்தான்தான் ஃபோன். வாங்கிய உடனே, திருப்பிக் கொடுக்கும் காலம் முடிவதற்குள், படி 6-இன் சோதனைகள் அத்தனையையும் நீங்கள் உண்மையில் பயன்படுத்தப்போகும் கணினியிலும் செயலியிலும் செய்து பார்த்துவிடுங்கள்.